சுரப்பிகளின் சமநிலையும் வீட்டுச் சோதனையும்



ஹார்மோன் என்னும் சொல்லைக் கேளாத செவி இன்று இல்லை. முகத்தில் பரு தோன்றினாலும் ஹார்மோன், சினம் எழுந்தாலும் ஹார்மோன், பாடத்தில் மனம் ஒன்றாவிட்டாலும் ஹார்மோன் என்று பழி சுமத்துகிறோம். இத்தனை பழியையும் ஏற்கும் அப்பொருள் யாதென்று சற்றே நோக்குவோம்.

1902-ஆம் ஆண்டில் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் அறிஞர் இருவர் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். சிறுகுடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் அமிலத்தை இட்டனர். நரம்புத் தொடர்பு அற்ற பின்னும் கணையம் தன் நீரைச் சுரந்தது. செய்தி குருதியின் வழியே சென்றிருக்கிறது! இவ்வாறு குருதியில் செல்லும் தூதுப் பொருள்களுக்கு 1905-இல் ஸ்டார்லிங் வழங்கிய பெயரே ஹார்மோன். கிளர்ந்தெழச் செய்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அது.

சமநிலை என்றவுடன் தராசு நினைவுக்கு வரும். அவ்வுவமை எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் மதகைத் திறந்து மூடும் காவலர் ஒருவர் உண்டு. எங்கள் பக்கத்தில் அவரை நீர்க்கட்டி என்பர். மருத்துவர் கூறும் நீர்க்கட்டி வேறு! வயலில் நீர் குறைந்தால் அவர் மதகை அகலத் திறப்பார், மிகுந்தால் தாழ்த்துவார். மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இத்தொழிலைத்தான் செய்கிறது. கழுத்திலுள்ள தைராய்டு தன் ஹார்மோனைக் குறைவாகச் சுரந்தால், பிட்யூட்டரி அதனைத் தூண்டும் டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை மிகுதியாக அனுப்பும். மிகுதியாகச் சுரந்தால் டி.எஸ்.எச்.-ஐக் குறைத்துக்கொள்ளும். ஆகவே, டி.எஸ்.எச். உயர்ந்திருப்பின் தைராய்டு தளர்ந்திருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். தலைகீழ்க் கணக்காயிற்றே என்று மயங்க வேண்டா. மதகு அகலத் திறந்திருக்கிறது எனின் வயலில் நீர் போதவில்லை என்பதுதானே பொருள்?

நான் பணியிலிருந்த நாளில் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். முன்னாண்டுகளில் சுறுசுறுப்பாயிருந்தவள், முதல் மணியிலேயே தலை சாய்ப்பாள். புழுக்கமான நாளிலும் குளிர்கிறது என்பாள். சோம்பேறி என்று ஆசிரியர் அறையில் சிலர் முடிவு கட்டிவிட்டனர். அவள் தாயார் அவ்வாறு முடிவு கட்டவில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். டி.எஸ்.எச். மிக உயர்ந்திருந்தது. நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை உண்டு, சில திங்களில் அவள் பழைய நிலைக்கு மீண்டாள்.

இன்று அத்தகைய பெண்ணொருத்தி, ஒருவரிடமும் சொல்லக் கூசி, சோதனை அட்டையொன்றை வாங்கி விரலில் குத்திப் பார்க்கக்கூடும். அதனால்தான் இவ்வட்டைகளைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

வீட்டுச் சோதனைகளில் நன்கு நிலைபெற்றது கருவுறுதலைக் காட்டும் அட்டை. 1920-களின் இறுதியில் பெர்லினில், பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்குச் செலுத்தி, சில நாள் காத்திருந்து, எலியை அறுத்துப் பார்த்தே இதனை அறிந்தனர்! இன்றோ சில நிமிடங்கள் போதும். அந்த ஹார்மோன் மற்றையோர் சிறுநீரில் ஏறக்குறைய இல்லை எனலாம். ஆதலின் உண்டா, இல்லையா என்ற விடையே போதுமானது. தைராய்டின் நிலை வேறு. அதன் ஹார்மோனும் டி.எஸ்.எச்.-உம் நம் எல்லோர் குருதியிலும் எப்போதும் உண்டு. எவ்வளவு என்பதே வினா. சில அட்டைகளோ அளவைக் கூறுவதில்லை, டி.எஸ்.எச். ஓர் எல்லையைத் தாண்டியதா என்பதை மட்டும் ஒரு கோட்டால் காட்டும். தைராய்டு வரம்பு மீறிச் சுரக்கும் நோயில் டி.எஸ்.எச். தாழ்ந்துபோகும். கோடு தோன்றாது, நோயாளி நலமென்று மகிழ்ந்திருப்பார்! நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் உடல் மெலிவும் இருக்க, அட்டையை நம்பியிருப்பது தகாது. கோடு தோன்றிவிட்டாலோ, அடுத்த வீட்டு அம்மாளின் மாத்திரையை வாங்கி விழுங்குவோரும் உளர். அளவு மிஞ்சிய தைராய்டு மாத்திரை இதயத் துடிப்பையே குலைக்கும்.

குருதியைக் குளுக்கோமீட்டரில் சோதித்துவிட்டு ஹார்மோன் பார்த்தேன் என்பாரும் உண்டு. அக்கருவி அளப்பது சர்க்கரையை, இன்சுலினை அன்று.

இல்லத்திற்கே ஆள் வந்து குருதி எடுத்துச் சென்று ஆய்வுக்கூடத்தில் அளப்பது வேறு வகை. அது நன்முறையே. ஆயினும் எண்ணைப் படிப்பதில் கருத்து வேண்டும். கார்ட்டிசால் காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழும். நேரம் குறிக்காத எண்ணால் பயனில்லை. தைராய்டு மருந்தின் அளவை மாற்றினால் டி.எஸ்.எச். நிலைபெற ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாளே சோதித்துக் கலங்குவது வீண். முடி வளர வேண்டி பயோட்டின் மாத்திரை உண்போர், அதனை ஆய்வுக்கூடத்தாரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். சில சோதனை முறைகளில் அது இடைபுகுந்து, நலமுள்ளவரையும் நோயாளியாகக் காட்டும்.