காடும் ஒரு புள்ளியும்



ஓர் ஓவியர் பிறந்து வளர்ந்த ஊர் அவருடைய ஓவியத்துக்குள் எப்போது வரும்? தூரிகை பிடித்த நாள் முதலே வந்துவிடும் என்றுதான் நினைப்போம். சையத் ஹைதர் ரஸாவுக்கு அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

1922-இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில், பபாரியா என்ற கிராமத்தில் பிறந்தவர் அவர். அப்பா வனத்துறையில் வேலை பார்த்தார். சுற்றிலும் காடு. இருட்டிவிட்டால் அந்தச் சிறுவனுக்கு ஒரே பயம். விடிந்தால்தான் உயிர் வரும். சந்தை கூடும் நாளில் கோண்டு பழங்குடி மக்கள் திரண்டு வர, இடமே வண்ணமயமாகிவிடும். பள்ளிக்கூடத்தில் பையன் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. ஆசிரியர் பார்த்தார். சுவரில் ஒரு புள்ளி வைத்து, இதையே பார்த்துக்கொண்டிரு என்று உட்கார வைத்துவிட்டார். தண்டனையா, பாடமா என்று அன்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

நாக்பூர், பம்பாய் என்று படித்து, 1947-இல் ஓவியர்கள் சூசா, ஹுசைன் முதலானோருடன் சேர்ந்து முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கினார் ரஸா. அப்போது அவர் வரைந்ததெல்லாம் பம்பாய்த் தெருக்களும் காஷ்மீரக் காட்சிகளும்தான். காஷ்மீரில் அவரைச் சந்தித்த புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன், படங்களில் கட்டமைப்பு போதவில்லை, பிரெஞ்சு ஓவியர் செசானைப் படியுங்கள் என்றார். சுடச்சுடச் சொன்ன அந்த விமர்சனம் நன்றாக வேலை செய்தது. 1950-இல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் போனார் ரஸா. பிரெஞ்சு கிராமங்களின் வீடுகளும் தேவாலயங்களும் படங்களில் நிறைந்தன. 1956-இல் அங்குள்ள விமர்சகர்கள் அவருக்குப் பரிசு கொடுத்தார்கள். 1962-இல் அமெரிக்காவில் பாடம் நடத்தப் போனபோது அந்நாட்டு ஓவியர் ராத்கோவின் படைப்புகளைக் கண்டார். வண்ணத்தை அதன் போக்கில் விடலாம் என்ற துணிச்சல் வந்தது.

எழுபதுகளில்தான் காடு வந்தது. கறுப்பின் நடுவே செக்கச்செவேலென்று எரியும் வண்ணங்கள். மரமும் இல்லை, ஆறும் இல்லை. ஆனால் அந்த இரவின் பயமும் விடியலின் ஆறுதலும் இருந்தன. அதன்பின் பெரிய கறுப்பு வட்டமாகச் சுவர்ப் புள்ளியும் வந்து சேர்ந்தது. ‘பிந்து’, அதாவது புள்ளி, என்றார் அதை. 1981-இல் வரைந்த ‘மா’ (அம்மா) ஓவியத்தில், கவிஞர் அசோக் வாஜ்பாயியின் வரி ஒன்றைத் தேவநாகரி எழுத்திலேயே எழுதிச் சேர்த்தார்.

ரஸா வேர்களுக்குத் திரும்பிவிட்டார் என்று இதைச் சுருக்கிச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சதுரத்துக்குள் வட்டத்தையும் முக்கோணத்தையும் அவர் நிறுத்தும் விதத்தைக் கவனியுங்கள்; செசானிடம் கற்ற கட்டுமானம் அதில் தெரியும். பாரிஸ் போகாமல் மண்டலாவிலேயே இருந்திருந்தால் அந்தப் புள்ளி பள்ளிக்கூட நினைவாகவே நின்றிருக்கும். மண்டலாவில் வளராதவர் பாரிஸில் எத்தனை ஆண்டு படித்திருந்தாலும் அந்தக் கறுப்பு கிடைத்திருக்காது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பிந்துவை அவர் பிற்காலத்தில் அளவுக்கு மிஞ்சித் திரும்ப வரைந்தார். 2010-இல் இந்தியா திரும்பி, 2016-இல் மறையும்வரை வரைந்துகொண்டே இருந்தவர். அந்தக் கடைசிப் படங்கள் சிலவற்றில் பழகிய கையின் வேகம்தான் இருக்கிறது. டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள் எழுபதுகளின் ரஸாவைத் தேடிப் பாருங்கள்.