கண்டவர் சொல்லும் கேட்டவர் சொல்லும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



சமூக ஊடகங்களின் நன்மை தீமைகளை ஆராயப் புகுவோர்க்குத் திருவண்ணாமலை மாவட்டமே இரு சான்றுகளை வழங்குகின்றது. ஒன்று சங்க இலக்கியம். மற்றொன்று அண்மைக்கால நிகழ்ச்சி. இரண்டிலும் வழிப்போக்கர் வருகின்றனர். இரண்டிலும் செய்தி ஒருவரிடமிருந்து மற்றவர்க்குச் செல்கின்றது. முடிவுகள் மட்டும் வேறு.

பத்துப்பாட்டுள் பத்தாவதாக நிற்பது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய இந்நூலின் தலைவன், இன்று செங்கம் என வழங்கும் செங்கண்மாவின் வேந்தன் நன்னன். அவனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தர்க்கு வழி கூறுகின்றான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, வழுக்கும் பாறை எது, இரவில் எங்கே தங்கலாம் என்றெல்லாம் ஒன்றுவிடாது உரைக்கின்றான். மலைவாழ் மக்களோ, முன்பின் அறியாத அக்கூத்தரை உறவினரைப் போல் ஏற்று உணவளிப்பர் என்கின்றான். தான் பெற்ற பேற்றைப் பிறரும் பெறுக என்னும் உள்ளமே ஆற்றுப்படையின் உயிர். அதற்கு வலிமை தருவது, அவன் தான் நடந்த வழியையே கூறுகின்றான் என்பது.

2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் சென்னை கண்டது இவ்வாற்றுப்படையின் புதுவடிவம் எனலாம். எத்தெருவில் நீர் சூழ்ந்தது, எவ்வீட்டில் தங்க இடமுண்டு, எங்கே உணவு கிடைக்கும் என்பவற்றை அவ்விடத்திலிருந்தோரே முகநூலிலும் ட்விட்டரிலும் எழுதினர். அறிமுகமற்றோர்க்கு வீடுகள் திறந்தன. கண்டவர் சொல் உயிர் காத்தது.

இனி மற்றொரு சான்று. 2018 மே 9ஆம் நாள், போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தார் வழி கேட்க வண்டியை நிறுத்தினர். அவர்களுள் ஒருவரான அறுபத்தைந்து வயது மூதாட்டி, அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்துவோர் வந்துள்ளனர் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியே முன்னரே ஊர்தோறும் பரவியிருந்தது. கூட்டம் திரண்டு தாக்கியதில் மூதாட்டி உயிரிழந்தார்; உடன் வந்தோர் படுகாயமுற்றனர். வழி கேட்டோரை விருந்தினராகக் கண்ட அதே நிலப்பகுதியில் வழி கேட்டவர் கொல்லப்பட்டார்.

செய்தியைப் பரப்பியோர் பலரும் கொடியவர் அல்லர். பிள்ளைகளைக் காக்கவேண்டும் என்னும் பதைப்பே அவர்களைத் தூண்டியது. ஆற்றுப்படுத்தும் கூத்தனின் நல்லெண்ணமும் அதுவே. குறைந்தது ஒன்றுதான்: அவர்களுள் எவரும் எதையும் கண்டிலர். அவ்வாண்டு நாட்டின் பல பகுதிகளில் உலவிய காணொளி ஒன்று, கராச்சியில் விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட குறும்படம். குழந்தையைத் திருப்பி ஒப்படைத்து, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் இறுதிப் பகுதி வெட்டப்பட்டதால், அறிவுரை அச்சமாயிற்று.

வதந்தி பழையதே; கைபேசி ஈன்ற குழந்தையன்று. எனினும் வாய்வழி வந்த வதந்திக்கு ஒரு முகம் இருந்தது. “நீ பார்த்தாயா?” என்று கேட்க இயன்றது. மேலனுப்பப்பட்ட செய்திக்கு முகமில்லை. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. வரம்பு வேகத்தைத் தணிக்கும், மெய்யைக் காட்டாது. மெய்காணும் கடமை அனுப்புவோர் விரலில் உள்ளது.

இது கவிஞர்க்கும் உரியது. இம்மலையடிவாரத்தில் மாலையில் எழுதிய கவிதையை யாழ்ப்பாணமும் டொராண்டோவும் அன்றிரவே படிப்பது பெரும்பேறு. அதே கவிதை மறுநாள் எழுதியவர் பெயரின்றி, ஈற்றடி இழந்து உலவுவதும் கண்கூடு. பெயரை நீக்குவதும் முடிவை வெட்டுவதும் கவிதைக்கு இழப்பு. செய்திக்கு நேர்ந்தால் உயிருக்கே இழப்பு.

ஆதலின் இலக்கிய வட்டத்தார் ஒவ்வொருவரும் ஒன்றை அனுப்புமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதைக் கண்டவர் யார்? கண்டது எங்கே, எப்போது? இது முழுமையானதா? விடை இல்லையேல் அச்செய்தி அவ்விடத்தே நிற்கட்டும். சொல்லைப் போற்றுவோர்க்குச் சொல்லாது நிறுத்துவதும் ஒரு தமிழ்ப்பணியே.