கண் போவது தலைவிதியா?

(மதுக்கரையில் பேசிய பேச்சின் சுருக்கம்)



கண் நோய்களைப் பற்றிச் சிறிது பேசும்படி கேட்டுக் கொண்டிருக்கிறீர்கள். நான் வைத்தியனல்ல. வைத்தியம் தெரிந்தவர்கள் சொல்லுவதைக் கேட்டு, எனது அறிவுக்குச் சரியென்று பட்டதை உங்கள் முன் வைக்கிறேன். நான் சொல்லுவதையும் நீங்கள் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் விசாரித்து, சரியென்று தோன்றினால் எடுத்துக் கொள்ளுங்கள்.

நம் ஊரில் ஒருவனுக்குக் கண் போய்விட்டால் என்ன சொல்லுகிறோம்? "பூர்வ ஜென்ம பாவம்" என்கிறோம்; "அம்மன் குற்றம்" என்கிறோம்; வெள்ளியில் கண்மலர் செய்து உண்டியலில் போடுகிறோம். நான் கேட்கிறேன், இந்தப் பாவம் கல் உடைக்கிறவனையும், சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்கிறவனையும், சோளத்தட்டு அறுக்கிறவளையும் மாத்திரம் தேடித் தேடிப் பிடிப்பானேன்? அதே வேலையைக் கண்ணாடி போட்டுக் கொண்டு செய்கிறவனை அது விட்டுவிடுவானேன்? ஒரு முழக் கயிற்றில் கட்டிய கண்ணாடிக்குப் பயப்படுகிற பாவம் என்ன பாவம்?

முன்பு அம்மை போட்டுக் கண்ணிழந்தவர்கள் ஏராளம். வேப்பிலை கட்டினோம், கூழ் ஊற்றினோம். அம்மை போகவில்லை. 1796ல் ஜென்னர் என்ற வெள்ளைக்கார வைத்தியர் கண்ட அம்மைப் பால் முறை பரவப் பரவ, 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980ல் உலகத்திலேயே இல்லையென்று அறிவித்துவிட்டார்கள். அம்மன் கோயில்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அம்மைதான் இல்லை. இதிலிருந்து கண்ணைக் கெடுத்தது அம்மனா, கிருமியா என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க. மதுக்கரைக்காரர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது சுண்ணாம்பைப் பற்றி. சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் இந்த ஊரின் பிழைப்பு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அடிக்கும்போது தூசி எப்படிப் பறக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். சாதாரணத் தூசி உறுத்திவிட்டுப் போய்விடும். சுண்ணாம்பு அப்படியல்ல, அது ஈரத்தில் பட்டதும் சதையைக் கரைத்துக் கொண்டே உள்ளே போகும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அழுத்தி, அது கண்ணில் பீய்ச்சிக் கண் போன வீடுகள் உண்டு. இதற்கு முதல் வைத்தியன் டாக்டர் அல்ல, குழாய்த் தண்ணீர்தான். அந்த நிமிஷமே இமையை விரித்துப் பிடித்து, அரை மணி நேரமாவது சுத்தமான தண்ணீரை விட்டுக் கொண்டே இருக்க வேண்டும். இமைக்கடியில் கட்டி ஒட்டியிருந்தால் சுத்தமான ஈரத்துணியால் எடுத்துவிட வேண்டும். எலுமிச்சஞ்சாறு, எண்ணெய், பால் எதையும் விடக் கூடாது. பிறகு தாமதமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கழுவாமல் பஸ்ஸுக்குக் காத்திருப்பது கண்ணைக் கொடுத்துவிட்டு டிக்கெட் வாங்குவதாகும்.

அடுத்தது, கண்ணில் "பூ விழுதல்" என்கிறோமே, அது. சோளத் தோகையோ, நெல்லோ, கல் துணுக்கோ கருவிழியைக் கீறுகிறது. கீறல் சிறிதுதான். அதில் கிருமியோ பூஞ்சக்காளானோ புகுந்து புண்ணாகிறது. வலி, சிவப்பு, நீர் வடிதல், வெளிச்சம் பார்க்கக் கூசுதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவை இதன் அறிகுறிகள். இந்தச் சமயத்தில் நாம் செய்வதென்ன? நாக்கால் தூசி எடுக்கிறவரிடம் போகிறோம், தாய்ப்பால் பீய்ச்சுகிறோம், பூச்சாறு பிழிகிறோம், விபூதி ஊதச் சொல்லுகிறோம். புண்ணில் எச்சிலும் சாம்பலும் சேர்ந்தால் புண் ஆறுமா? ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுரண்டி, பூதக்கண்ணாடியில் வைத்து, இன்ன கிருமி என்று பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். காளானுக்கு நாட்டமைசின் என்ற சொட்டு மருந்து உண்டு. அதை நாள் முழுதும், வாரக் கணக்கில் விட வேண்டும். சீக்கிரம் போனவனுக்குத் தழும்பு சிறிது. மந்திரித்துவிட்டுப் பத்து நாள் கழித்துப் போனவனுக்குக் கண்ணே இல்லை.

இதில் படித்தவர்களின் மூடநம்பிக்கை ஒன்று உண்டு. கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கி விடுவது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு ஒரு நாளில் குறையும். உள்ளே புண் வளரும். மாதக் கணக்கில் விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடும். விபூதிக்குப் பதில் புட்டி, வித்தியாசம் அவ்வளவுதான்.

"மெட்ராஸ் ஐ" என்னும் கண் வலி வேறு. கண் சிவந்து, நீரும் பீளையும் வந்து, காலையில் இமை ஒட்டிக் கொள்ளும். பார்வை அவ்வளவாக மங்காது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே தீரும். நோயாளியைப் பார்த்தால் தொற்றும் என்பது பொய். கை, துண்டு, தலையணை இவைகளால்தான் தொற்றும். கறுப்புக் கண்ணாடி கூச்சத்திற்கு உதவும், பிறரைக் காப்பாற்றாது. சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் காப்பாற்றும். பார்வை மங்கினாலோ, வலி அதிகமானாலோ இது சாதாரணக் கண் வலி என்று இருந்துவிடக் கூடாது.

வயதானவர்களுக்குக் கண்புரை. கண்ணுக்குள்ளிருக்கும் வில்லை மங்கிப் போவதே புரை. இதைக் கரைக்க எந்தச் சொட்டு மருந்தும் இல்லை. பழைய நாளில் ஊர் ஊராய்ச் சுற்றியவர்கள் ஊசியால் குத்தி அந்த வில்லையை உள்ளே தள்ளிவிட்டுக் காசு வாங்கிப் போவார்கள். சில நாள் தெரியும். பிறகு அநேகருக்குக் கண்ணே போகும். சென்னைக் கண்ணாஸ்பத்திரியில் இருந்த எலியட் என்ற டாக்டர் இந்தக் கொடுமையை ஆராய்ந்து 1917ல் ஒரு புத்தகமே எழுதினார். 1949ல் லண்டனில் ரிட்லி என்பவர் புரையை எடுத்த கண்ணில் செயற்கை வில்லை வைத்தார். மதுரையில் 1976ல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் 1992 முதல் அந்த வில்லையை உள்ளூரிலேயே செய்து, ஏழைக்கும் எட்டும்படி செய்தார்கள். "நன்றாய் முற்றட்டும்" என்று காத்திருப்பதும் தவறு. அதிகம் முற்றினால் வேறு கெடுதல் வரும்.

சத்தமில்லாமல் வருகிற நோய்களும் உண்டு. கண் அழுத்த நோய் ஓரப் பார்வையைத் தின்று கொண்டே வரும், போனது திரும்பாது. சர்க்கரை வியாதியும் விழித்திரையைக் கெடுக்கும். ஆகவே நாற்பது வயதானவர்களும், சர்க்கரை உள்ளவர்களும் வலியில்லாவிட்டாலும் பரீட்சை செய்து கொள்ள வேண்டும். குழந்தைகளின் மாலைக்கண்ணுக்குக் காரணம் பேய் அல்ல, சாப்பாட்டில் ஏ வைட்டமின் குறைவு. முருங்கைக் கீரையும், சர்க்கார் கொடுக்கிற வைட்டமின் மருந்தும் அதைத் தடுக்கும்.

கடைசியாக ஒன்று. பூ விழுந்த கண்ணுக்குச் செத்தவர் கருவிழியை வைத்துத் தைக்கலாம். சென்னையில் 1945லேயே கண் வங்கி வைத்தார்கள். ஆனால் நம்மவர்கள், "கண்ணைக் கொடுத்தால் அடுத்த ஜென்மத்தில் குருடாய்ப் பிறப்போம்" என்கிறார்கள். எரிக்கிற நெருப்புக்கும், புதைக்கிற மண்ணுக்கும் கொடுத்தால் மாத்திரம் கண்ணோடு பிறப்பார்களா? செத்து ஆறு மணி நேரத்திற்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி வைத்தால் போதும். மூக்குக் கண்ணாடி போட்டவரும், புரை எடுத்தவரும்கூடக் கொடுக்கலாம்.

ஆதலால் தோழர்களே! வேலைக்குப் போகும்போது கண்ணாடி கேளுங்கள். சுண்ணாம்பு பட்டால் தண்ணீரைத் தேடுங்கள். வலியும் மங்கலும் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்மலருக்குச் செலவழிக்கும் பணம் பஸ் சத்தத்திற்கு ஆகும்.