இரண்டு மொழியும் நம் பிள்ளைகளின் உரிமை

(நந்திதுர்க்கில் பெற்றோர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பது என்ற கேள்வி எழுந்தால் நமக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. தமிழை விட்டால் நம் அடையாளமே போய்விடும் என்பது ஒரு கட்சி. கன்னடம் இல்லாமல் பிழைப்பு ஏது என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதைப் பறிப்பதுதான் அநியாயம் என்பதே நமது சங்கத்தின் நிலை.

நாம் வந்த வழியை நினைத்துப் பாருங்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த பிறகு, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர்கள் பிழைப்புத் தேடி வந்தார்கள். பலர் நிலமற்றவர்கள், ஒடுக்கப்பட்டவர்கள். கம்பெனி அவர்களுக்குக் கொடுத்தது லைன் வீடு. அறிவை அவர்களே தேடிக்கொண்டார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. பண்டிதர் 1914இல் மறைந்தார். அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் 1926இல் இந்தத் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சுரங்கத்தில் இறங்கியவர்கள் பத்திரிகை படித்த ஊர் இது!

சுரங்கம் ஓடியவரை கன்னடம் தெரியாமலே காலம் தள்ள முடிந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். இன்று விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூர் போய் உழைத்துத் திரும்புகிறோம். மனு எழுதவும், அரசாங்க உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதவும் கன்னடம் வேண்டும். அதை நம் பிள்ளைகளுக்குச் சரியாகக் கற்றுக்கொடுக்காத பள்ளியும் அவர்களுக்குத் துரோகம்தான் செய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? ஒரு வகுப்பில் பத்துப் பேர், அல்லது ஒரு பள்ளியில் நாற்பது பேர் இருந்தால் அவர்கள் தாய்மொழியில் கற்பிக்க ஆசிரியர் வேண்டும் என்று 1949இலேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் முடிவு செய்தார்கள். 1956இல் அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவு சேர்ந்தது. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யவேண்டும் என்கிறது அது. கோகாக் அறிக்கையைத் தொடர்ந்து, 1982 கிளர்ச்சிக்குப் பிறகு, கன்னடத்தையே ஒரே முதல் மொழியாகக் கட்டாயமாக்க அரசு முயன்றது. கர்நாடக உயர் நீதிமன்ற முழு அமர்வு 1989இல் அதை ஏற்கவில்லை. பின்னால் வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டம், கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கச் சொல்கிறது. ஆகவே தமிழ் முதலிலும் கன்னடம் இரண்டாவதிலும் நிற்பதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

ஆனால் வகுப்பறையில் நடப்பது என்ன? வீட்டில் தமிழ் பேசும் குழந்தை கன்னட வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்தால், மக்கு என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அந்தக் குழந்தைக்குப் பாடமா புரியவில்லை? மொழிதான் புரியவில்லை! நம் பால் அவர்களுக்கு ஹாலு. பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி. இந்த உறவைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் கன்னடம் அந்நியமாகத் தோன்றாது. தமிழ் தெரிந்த ஆசிரியர் தேவை என்று நாம் சொல்வது கன்னடத்தின் மேல் வெறுப்பால் அல்ல. கன்னடம் நன்றாக வரவேண்டும் என்பதற்காகவும்தான்.

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. புலம்பெயர்ந்த தொழிலாளர் பிள்ளைகளுக்கு அந்நாட்டு மொழியையும், அதோடு தாய்மொழியையும் கற்பிக்கவேண்டும் என்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1977இலேயே தன் உறுப்பு நாடுகளுக்கு ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 2006இல் தமிழ் கட்டாயச் சட்டம் வந்தபோது ஓசூர்ப் பக்கத்துக் கன்னட, தெலுங்குப் பிள்ளைகளுக்கும் இதே கவலை பிறந்தது. இங்கே நமக்குக் கேட்பதை அங்கே அவர்களுக்கு மறுத்தால் நம் பேச்சுக்கு மதிப்பில்லை.

ஆகவே நாம் கேட்பது இவைதான். எண்ணிக்கை உள்ள பள்ளிகளில் தமிழ் ஆசிரியர் இடங்களைக் காலியாக விடக்கூடாது. முதல் வகுப்பிலிருந்தே கன்னடத்தை, அது வேற்றுமொழியாக இருக்கும் குழந்தைக்கு ஏற்ற முறையில் கற்பிக்கவேண்டும். தங்கவயல் தொழிலாளர் வரலாற்றைக் கன்னட, தெலுங்கு, உருதுப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கவேண்டும். வேலைக்காக ஊர் மாறும் குடும்பத்துப் பிள்ளையை, டி.சி. வரவில்லை என்று வாசலில் நிறுத்தக்கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை அதைத் தடுக்கிறது.

நமக்கும் கடமை உண்டு. பத்துப் பேர் இருந்தால்தான் ஆசிரியர். அந்தப் பத்துப் பெயரைச் சேர்த்துக் கொடுக்கவேண்டியது நாம். பள்ளி மேம்பாட்டுக் குழுவில் நம் தாய்மார்கள் உட்காரவேண்டும். அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவோம். பூமிக்கடியில் மொழி பார்க்காமல் ஒரே கூண்டில் இறங்கிய தொழிலாளர்களின் பிள்ளைகள், மேலே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கட்டும்!