செயற்கைத் தோல்: விலையும் வேளையும்

தீயில் வெந்துபோன தோலின் இடத்தை நிரப்புவதற்காக உடலுக்கு வெளியே தயாரிக்கப்படும் மூடுபொருளே செயற்கைத் தோல். சில வகைகளில் நோயாளியின் சொந்த உயிரணுக்களே வளர்த்தெடுக்கப்படுகின்றன. வேறு சிலவற்றில் உயிரணு எதுவும் இல்லை. புரத இழைகளால் ஆன வெறும் சட்டகம்தான். இவற்றுள் எது ஏழை நோயாளிக்கு எட்டும் என்ற கேள்விக்கு ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பக்கத்தில் தனி அவசரம் உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைகள் அருகிலேயே இருக்கின்றன. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் வேலையாட்களோடு, காப்பாற்ற ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடியவர்களும் அடக்கம். 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளம் ஆலை வெடித்ததில் 20 பேருக்கு மேல் பலியானார்கள்.

பட்டாசு மருந்து கலக்கும் அறையில் ஓர் உராய்வு போதும். தீ ஒரு நொடியில் எழும்பி முகம், கழுத்து, கைகள், மார்பு என்று பரவலாகச் சுட்டுவிடும். உடுத்தியிருப்பது நைலான் புடவையாக இருந்தால் அது உருகி ஒட்டிக்கொள்ளும். ஆலைகளில் பருத்தி ஆடை வற்புறுத்தப்படுவது இதனால்தான். சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு உண்டு. நிலைமை மோசமானால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

மேல்தோல் மட்டும் வெந்திருந்தால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். மயிர்க்கால்களின் அடியில் தப்பிப் பிழைத்த உயிரணுக்கள் பெருகிப் புண்ணை மூடிவிடுகின்றன. அடித்தோலும் முழுக்க வெந்தால் அந்த விதை எங்கும் இல்லை. அப்போது தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ மெல்லிய தோலைச் சீவி எடுத்து, வலைபோல் விரித்து, காயத்தில் ஒட்டுவார்கள். உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவருக்குச் சீவுவதற்கு நல்ல தோல் ஏது? ஒருமுறை எடுத்த இடம் ஆறி மறுபடி எடுக்க இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை திறந்த புண் வழியே நீரும் உப்பும் வடியும், கிருமி உள்ளே போகும். தீக்காயத்தில் முதல் சில நாட்களைத் தாண்டிய பலர் கடைசியில் கிருமித் தொற்றால்தான் இறக்கிறார்கள்.

இந்தப் பற்றாக்குறைக்கு முதல் விடை 1975இல் அமெரிக்காவில் கிடைத்தது. ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் என்ற இரு அறிஞர்கள், கதிர்வீச்சால் பெருக்கம் நிறுத்தப்பட்ட எலி உயிரணுக்களின் மேல் மனித மேல்தோல் உயிரணுக்களை விதைத்து வளர்த்துக் காட்டினார்கள். தபால்தலை அளவுத் தோலிலிருந்து மூன்று நான்கு வாரத்தில் ஓர் உடம்பையே மூடும் அளவுக்குத் தாள்கள் கிடைத்தன. 1980களில் இது நோயாளிகளைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் அந்தத் தாளில் மேல்தோல் மட்டுமே உண்டு. சில உயிரணுக்களின் தடிமன்தான். லேசாகத் தேய்த்தாலே கொப்புளித்து உரியும். கிருமி சேர்ந்த புண்ணில் பிடிக்கவே பிடிக்காது. தவிர, கிருமியற்ற தனி ஆய்வகம், பயிற்சி பெற்ற ஆட்கள், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி வளர்ப்பு என்று செலவு பல லட்சம் ரூபாய்க்குப் போகிறது. மூன்று வாரக் காத்திருப்பு வேறு.

மலிவுக்கான வழி உயிரணுவை விட்டுவிட்டுச் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டதில் திறந்தது. அமெரிக்காவில் யன்னாஸ் என்ற பொறியியலாளரும் பர்க் என்ற அறுவை மருத்துவரும் 1980 வாக்கில், மாட்டுத் தசைநாரின் கொலாஜன் என்ற புரதத்தையும் சுறாக் குருத்தெலும்பின் சர்க்கரைப் பொருளையும் கலந்து நுண்துளைப் படலம் ஒன்றைச் செய்தார்கள். மேலே சிலிக்கோன் தாள். புண்ணில் வைத்ததும் உடம்பின் ரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் துளைகளுக்குள் ஏறிப் புது அடித்தோலைக் கட்டிக்கொள்கின்றன. பிறகு சிலிக்கோனை உரித்துவிட்டு மிக மெல்லிய தோலை ஒட்டினால் போதும். இதை முன்கூட்டியே செய்து அலமாரியில் வைத்திருக்கலாம். ஒரே வெடியில் பலர் காயமாகும் ஊருக்கு இந்த ஒரு வசதிதான் எல்லாவற்றிலும் பெரியது.

இறக்குமதிப் படலத்தின் விலை இந்திய அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டுப்படியாவதில்லை. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கொலாஜன் தாள் செய்யும் முறையை உருவாக்கியது. கொலாஜன் தாள்கள் இன்று தீக்காய வார்டுகளில் புழங்குகின்றன. அதிக ஆழமில்லாத காயத்தில் ஒருமுறை ஒட்டினால் புண் ஆறியதும் தானே உதிரும். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் அனில்குமார் குழுவினர் பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணுக்களை நீக்கி உருவாக்கிய கோலடெர்ம் என்ற புண் மூடுபொருள் 2023இல் ஒப்புதல் பெற்றது. சிகிச்சைச் செலவு 10,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகக் குறையலாம் என்பது மத்திய அறிவியல் துறையின் மதிப்பீடு.

இதைவிட எளிய மூடுபொருள்களும் உண்டு. தீப்பட்டவரை வாழை இலையில் கிடத்துவது நம்மூர் வழக்கம். மும்பை மருத்துவர்கள் அவித்த உருளைக்கிழங்குத் தோலையும் வாழை இலையையும் முறையாகச் சோதித்து, அவை புண்ணில் ஒட்டாமல் வலியைக் குறைப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இறந்தவரிடமிருந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் தோலை 85 சதவீத கிளிசரினில் ஊறவைத்து ஐந்தாண்டு வரை வைத்திருக்கலாம். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. ஆனால் உடம்பு அதைச் சில வாரங்களில் தள்ளிவிடும். இவை எல்லாம் அவகாசத்தை வாங்கித் தருபவை. நிரந்தரத் தோல் ஆகிவிடாது.

சாதாரணக் கட்டுத்துணிக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. ராஜபாளையத்தில் 1939இலேயே அறுவைப் பஞ்சு ஆலை வந்துவிட்டது. அருகிலுள்ள சத்திரப்பட்டியின் விசைத்தறிகள் பேண்டேஜ் துணிக்குப் பேர் போனவை. தீக்காயத்தில் அந்தத் துணிக்குத் தொல்லையும் உண்டு. புண்நீர் காய்ந்து துணி இறுக ஒட்டிக்கொள்ள, கட்டு மாற்றும்போது புதிதாக முளைத்த மேல்தோலும் பிய்ந்து வரும். வார்டில் அலறல் கேட்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கொலாஜன் தாள் போட்டால் துணி அதன் மேலே, உறிஞ்சும் வேலைக்கு மட்டும் நிற்கிறது. கட்டுகளின் எண்ணிக்கை குறையும்போது துணி, மருந்து, மயக்க மருந்து, படுக்கை நாள் எல்லாம் சேர்ந்து குறைகின்றன. தாளின் விலையை மட்டும் வைத்து இது கட்டுப்படியாகாது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

சிகிச்சையில் புழங்கும் எந்தச் செயற்கைத் தோலிலும் வியர்வைச் சுரப்பி இல்லை. ஒட்டிய பரப்பு வெயிலில் குளிராது. கழுத்திலும் அக்குளிலும் இறுகிச் சுருங்காமல் இருக்க மாதக்கணக்கில் பயிற்சியும் இறுக்க உடையும் வேண்டும். 2020இல் அமெரிக்காவில் கோலர் குழுவினர் மூல உயிரணுவிலிருந்து மயிர்க்கால் உள்ள தோலையே வளர்த்துவிட்டார்கள். ஆனால் அதற்கு நான்கு மாதத்துக்கு மேல் ஆனது.