படித்தால் மட்டும் போதாது, ஓட்டிப் பார்க்கவும் வேண்டும்!

(நாமகிரிப்பேட்டையில் மாணவர்களும் ஆசிரியர்களும் கணினித் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கணினி நிரல்களோடு வரும் விளக்கக் குறிப்புகளைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், அவசியம் கூட வேண்டும். அந்தக் குறிப்புகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதைப் பொறுத்தே நமது பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த விஞ்ஞானத்தின் உள்ளே வருவார்கள், எத்தனை பேர் வாசலோடு திரும்புவார்கள் என்பது தீர்மானமாகிறது.

நமது ஊர் மஞ்சளுக்குப் பேர்போன ஊர். ஏலத்துக்கு வரும் வியாபாரி மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு விலை சொல்கிறாரா? இல்லை. ஒரு விரலியை எடுத்து உடைத்து, உள்நிறத்தைப் பார்த்த பிறகுதான் வாய் திறக்கிறார். நிரலுக்கும் அதே நியாயம்தான். உடைத்துப் பார்க்க வழியில்லாத விளக்கம் பாதி விளக்கமே!

வாசல் எங்கே அடைபடுகிறது?

1983-ம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-ல் லினக்ஸ் வந்தது. பைத்தான் மொழியும் அதே ஆண்டில் வெளியிடப்பட்டது. யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கம் உலகெங்கும் பரவியது. தமிழில் 2012 ஜனவரி முதல் 'கணியம்' மின்னிதழ் இந்தச் செய்திகளை எடுத்துச் சொல்லி வருகிறது. நிரலுக்கு விலை இல்லை. உரிமைக்கும் தடை இல்லை. சந்தோஷமான விஷயம்தான்.

ஆனால் கல்லூரியில் சேர்ந்த ஒரு விசைத்தறித் தொழிலாளியின் மகளை எண்ணிப் பாருங்கள். அவள் கையில் இருப்பது ஒரு செல்போன். கல்லூரி ஆய்வுக்கூடத்துக் கணினியில் எதையும் புதிதாக நிறுவ அவளுக்கு அனுமதி கிடையாது. விளக்கக் குறிப்பைத் திறக்கிறாள். 'முதலில் இதை நிறுவுக, பிறகு அதை நிறுவுக, பிறகு கீழ்க்கண்ட கட்டளையை அடிக்கவும்' என்று எழுதியிருக்கிறது. முதல் வரியிலேயே அவள் நின்று போகிறாள். அவளுக்கு அறிவு குறைவா? இல்லவே இல்லை. சொந்தமாக ஒரு நல்ல கணினி வைத்திருப்பவரையே வாசகராக நினைத்து அந்தக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. குறை அங்கேதான் இருக்கிறது.

இயங்கும் ஏடு என்றால் என்ன?

இந்தக் குறையைப் போக்க ஒரு வழி பிறந்திருக்கிறது. பெர்னாண்டோ பெரஸ் என்ற கொலம்பிய நாட்டு விஞ்ஞானி, மாணவராக இருந்த காலத்தில், 2001-ல் 'ஐபைத்தான்' என்ற கருவியைத் தொடங்கினார். 2011-ல் அது ஏட்டு வடிவம் பெற்றது. 2014-ல் 'ஜூபிடர்' என்ற பெயரில் பொதுத் திட்டமாக விரிந்தது. ஜூலியா, பைத்தான், ஆர் ஆகிய மூன்று நிரல்மொழிகளின் பெயர்களைக் கோத்து வைத்த பெயர் அது.

இந்த ஏட்டில் ஒரு பத்தி விளக்கம் இருக்கும். அதன் கீழே ஒரு கட்டத்தில் நிரல் இருக்கும். பொத்தானை அமுக்கினால் நிரல் ஓடி, விடை அதன் கீழேயே வரும். எண்ணை மாற்றி மீண்டும் அமுக்கினால் விடையும் மாறும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்தச் சிறிய ஏற்பாட்டின் பலன் பெரிது. 2015 செப்டம்பரில் பதிவான ஈர்ப்பு அலையை 2016 பிப்ரவரியில் உலகுக்கு அறிவித்தபோது, லைகோ விஞ்ஞானிகள் அந்தத் தரவையும் அதை ஆராயும் ஏட்டையும் பொதுவில் வைத்தார்கள். 'எங்களை நம்புங்கள்' என்று சொல்லி அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. 'நீங்களே ஓட்டிப் பாருங்கள்' என்றார்கள்!

அண்மை ஆண்டுகளில் நம்பை, சைபை போன்ற கணித நிரல் தொகுதிகளின் விளக்கப் பக்கங்களிலேயே இந்த ஏடு புகுந்துவிட்டது. உதாரணத்தின் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் பைத்தான் முழுவதும் உலாவிக்குள்ளேயே வந்து இயங்குகிறது. எதையும் நிறுவ வேண்டாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நம் ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்து?

தமிழுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்லுவோம். 'நாமகிரிப்பேட்டை' என்ற பெயரில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புக் குழந்தை விரல் விட்டு எண்ணி எட்டு என்று சொல்லும். பைத்தானிடம் 'லென்' என்ற கட்டளையால் கேளுங்கள்: 15 என்று சொல்லும்! 'மஞ்சள்' என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்து, அதற்கோ ஆறு. காரணம் என்ன? யூனிகோடு முறையில் 'நா' என்பது நகரமும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'ப்' என்பது பகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். இயந்திரம் குறியீடுகளை எண்ணுகிறது; நாம் எழுத்துகளை எண்ணுகிறோம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே 'ஓப்பன்-தமிழ்' என்ற கட்டற்ற நிரல் தொகுதி இருக்கிறது. 'எழில்' நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் வேறு பல தன்னார்வலர்களும் சேர்ந்து வளர்த்தது அது. அதில் உள்ள ஒரு கட்டளை சொல்லைச் சரியான தமிழ் எழுத்துகளாகப் பிரித்து எட்டு என்ற விடையைத் தரும். இதை அச்சிட்ட பக்கமாகப் படிக்கிற மாணவி தலையாட்டிவிட்டுப் போவாள். இயங்கும் ஏட்டில் தன் பெயரையும் தாயின் பெயரையும் தன் தெருவின் பெயரையும் போட்டுப் பார்ப்பாள். 'ஏன் இப்படி?' என்று கேட்பாள். அந்தக் கேள்வி பிறந்துவிட்டால் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்!

இது ஏதோ அயல்நாட்டாருக்கு மட்டும் முடிந்த காரியம் என்று எண்ண வேண்டாம். மும்பை ஐ.ஐ.டி.யில் மத்திய கல்வி அமைச்சகத்தின் நிதியில் நடக்கும் 'பாஸ்ஸீ' திட்டத்தில், கல்லூரிப் பாடப்புத்தகங்களில் தீர்த்துக் காட்டிய கணக்குகளை மாணவர்களும் ஆசிரியர்களும் பைத்தான் ஏடுகளாக மாற்றித் தந்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு ஊதியமும் தரப்பட்டிருக்கிறது. மும்பையில் செய்தது சேலத்திலும் நாமக்கல்லிலும் ஏன் முடியாது?

எச்சரிக்கையும் அவசியம்

ஆனால் எதையும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடுவது நமது வழக்கமல்ல. மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பிழை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் பொதுவில் கிடந்த சுமார் 14 லட்சம் ஏடுகளைத் திரட்டினார்கள். மறுபடி ஓட்டிப் பார்த்தவற்றில் பிழையின்றி முடிந்தவை 24 சதவீதம்தான். முன்பு காட்டிய அதே விடையைத் தந்தவை 4 சதவீதம்! கட்டங்களை முன்பின்னாக ஓட்டுவதும், எந்தத் தொகுதியின் எந்தப் பதிப்பு என்று எழுதி வைக்காததும் இதற்கு முக்கிய காரணங்கள். ஆகவே, மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் ஏடுகள் அனைத்தையும் முதல் கட்டத்திலிருந்து தானாக ஓட்டிச் சோதிக்கும் ஏற்பாடு வேண்டும். சோதிக்காத ஏடு மாணவரை ஏமாற்றும். சும்மா இருக்கும் அச்சுப் பக்கமே அதைவிட மேல்.

இரண்டாவது, இடம். ஏடு யாருடைய இயந்திரத்தில் ஓடுகிறது? 'பைண்டர்' என்ற பொதுச் சேவை பிறர் தரும் கணினிகளில் ஏடுகளை ஓட்டித் தருகிறது. 2023-ல் கூகுளின் ஆதரவு நின்றபோது அதன் திறன் சுருங்கிவிட்டது. தானமாக வருவது ஒரு நாள் நின்று போகும். எனவேதான் வாசகரின் உலாவியிலேயே ஓடும் முறை நமக்கு ஏற்றது என்று சொல்லுகிறோம்.

மூன்றாவது, செலவு. உலாவியில் ஓடும் முறையிலும் முதல் தடவை பல மெகாபைட்டுகள் இறங்க வேண்டும். நாளொன்றுக்கு அளந்து டேட்டா போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு அது சுமை. பக்கத்தைத் திறந்த உடனே இறக்காமல், பொத்தானை அமுக்கினால் மட்டும் இறங்கும்படி வைக்க வேண்டும். ஏடு திறக்காத இடத்திலும் பயன்படும்படி விளக்கமும் எதிர்பார்க்கும் விடையும் எழுத்தில் இருந்தே தீர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே! நமது கடமை தெளிவானது. நிரல் எழுதத் தெரிந்த தோழர்கள், தாங்கள் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் விளக்கத்தில் ஒரே ஒரு உதாரணத்தையாவது இயங்கும் ஏடாக மாற்றி அனுப்புங்கள். ஆசிரியர்கள், மாணவர் எந்த வரியில் தடுமாறுகிறார் என்பதை எழுதிக் கொடுங்கள். நிரல் எழுதுகிறவருக்குத் தெரியாத விஷயம் அதுதான். மாணவர்கள், தமிழில் விளக்கம் எழுதுங்கள். உதாரணம் நம் வாழ்க்கையிலிருந்து வரட்டும்: விரலிக்கும் கிழங்குக்கும் வந்த ஏல விலையின் சராசரியைக் காணும் கணக்கு, மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து அளவுக்கு ஏற்ப விலை போடும் கணக்கு. விவசாயியின் மகன் அந்தக் கணக்கை ஒரு பொத்தானில் சரிபார்க்கட்டும், எண்ணை மாற்றிப் பார்க்கட்டும், தந்தைக்கும் காட்டட்டும்.

நிரலைத் திறந்து வைத்தவர்கள் பெரிய காரியம் செய்தார்கள். அதன் விளக்கத்தையும் திறந்து வைப்பது நமது பங்கு. கணினி வாங்க வசதியில்லாத பிள்ளையும் தொட்டு, மாற்றி, ஓட்டிப் பார்க்கும்படி அது இருக்க வேண்டும். முதல் ஏட்டை இந்த ஊரிலிருந்தே தொடங்குவோம், வாருங்கள்!