மாவுத் தூசியும் நெருப்பும்



வாயினின்று தீ கக்கும் வித்தைக்காரருள் சிலர், எண்ணெய்க்குப் பதிலாகச் சோள மாவைத் தீப்பந்தத்தின்மேல் ஊதுவதுண்டு. குவியலாய்க் கிடக்கும் மாவு தீக்குச்சி பட்டால் கருகுமேயன்றி எளிதிற் பற்றாது. அதுவே காற்றிற் பறக்குங்கால், ஒவ்வொரு துகளையும் பிராணவாயு சூழ்ந்து நிற்பதால், நொடியில் யாவும் எரிந்துவிடும். வெட்டவெளியில் அது வெறுஞ் சுவாலை. அடைத்த அறையிலோ வெடி.

1785-ஆம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி, இத்தாலி தேசத்து டூரின் நகரில், ரொட்டி வியாபாரி ஒருவரின் கிடங்கில் பையன் ஒருவன் மாவை அள்ளுகையில் குவியல் சரிந்து தூசி எழுந்தது. சுவரில் தொங்கிய விளக்கு அதைப் பற்றவைத்தது. பையனுடைய முகமும் கைகளும் வெந்தன. 1878-ஆம் வருஷம் மே 2-ந் தேதி அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து வாஷ்பர்ன் மாவாலை வெடித்து, அதனாலும் தொடர்ந்த தீயினாலும் 18 பேர் மாண்டனர். 2008-ஆம் வருஷம் ஜார்ஜியாவில் சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் உயிரிழந்தனர்.

ஆகையால் மாவு மில் நடத்தும் சங்கத்தார், மெஷின் நின்றபின், உத்தரத்திலும் மூலைகளிலும் படிந்த தூசியை அன்றாடம் மேலே கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். பீடியும் திறந்த விளக்கும் உள்ளே கூடா. அரைக்க வருவோருக்கும் இதை எடுத்துச் சொல்லுதல் அங்கத்தினர் கடமையாகும்.